டீசலா, நேரமா, டிரைவரா? பலகார வண்டிக்கு ரூட் போடப் பழகுகிறவர்களுக்கு

முகூர்த்த நாளன்று விடியற்காலையில் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை வாசலில் நின்றால், ஒரே வண்டிக்கு நாலு பேர் நாலு விதமாக வழி சொல்வது காதில் விழும். முதலாளிக்கு டீசல் மிச்சமாக வேண்டும். கல்யாண வீட்டுக்குப் பந்தி போடுவதற்குள் டின்கள் இறங்கியாக வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு வாடகை வண்டி கூப்பிடவே கூடாது. டிரைவருக்கோ, கூட ஓட்டுகிறவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகையில் தான் மட்டும் ஒன்பது வரை ஓட்டுவது பிடிக்காது. நாலு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நாலையும் முழுசாகக் கொடுக்கிற ரூட் என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை.

கணினிக்காரர்கள் இதைப் பல நோக்கு வாகன வழித்தடக் கணக்கு என்பார்கள். 1959இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும், கிடங்கிலிருந்து பங்க்குகளுக்குப் போகும் பெட்ரோல் லாரிகளை வைத்து வாகன வழித்தடக் கணக்கை முதலில் எழுதினார்கள். அவர்கள் குறைக்கப் பார்த்தது ஒன்றே ஒன்று, மொத்தத் தூரம். கடை நடத்துகிறவர்களுக்கு அது மட்டும் போதாது.

இந்தக் கட்டுரை இப்போதுதான் இந்த வேலையைத் தொடுகிறவர்களுக்கானது. கல்லூரி புராஜெக்டாகச் செய்பவராக இருக்கலாம், அப்பா கடைக்கு உதவ வந்தவராகவும் இருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கணினி கடைசியில்தான் வரும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கணினியிடம் "சிறந்த ரூட்டைக் கொடு" என்று கேட்காதீர்கள். நாலைந்து நல்ல திட்டங்களை எடுத்து, எதை விட்டால் எது கிடைக்கும் என்று முதலாளி முன்னால் வைப்பதுதான் நம் வேலை. முடிவு அவருடையது.

படி 1: ஆளுக்கு ஆள் கேட்டு எழுதுங்கள்

முதலாளியிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். டிரைவர், டின் கட்டுகிற ஆள், ஆர்டர் எடுக்கிறவர் எல்லாரிடமும் கேளுங்கள். எழுதி முடித்ததும் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மீறவே கூடாதவை நிபந்தனைகள். கூடக் குறைய இருக்கலாம் என்பவை நோக்கங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். முதலாளி "எல்லாமே கட்டாயம் தம்பி" என்பார். எல்லாமே கட்டாயம் என்று எழுதிக்கொடுத்தால் கணினி "வழியில்லை" என்று கையை விரித்துவிடும்.

வண்டி கொள்ளுமளவு ஒரு நிபந்தனை. குட்டி யானை ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். ஆனால் தேன்குழலும் சீப்புச்சீடையும் ஏற்றும்போது எடை பாதிக்கு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அங்கே டின் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிறவர்களுக்கு இது நேர்தலைகீழ். தளத்தில் பாதி காலியாகக் கிடக்கும், வண்டி அதற்குள் அமுங்கிவிடும். அவர்களுக்கு விரிசல் பயம் வேறு உண்டு, அதனால் குண்டும் குழியுமான ரோட்டைத் தவிர்ப்பதும் ஒரு நோக்கமாகச் சேர்ந்துகொள்ளும். ஒரே ஊர், ஒரே வண்டி, சரக்கு மாறினால் கணக்கும் மாறுகிறது.

நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். "7.30க்குள் வரணும்" என்று ஒருவர் சொன்னால், 7.32க்குப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது, சின்ன முகச்சுளிப்போடு போய்விடும். திங்கட்கிழமை என்றால் 7.30க்கு ராகு காலம் பிறந்துவிடும், 9 மணி வரைக்கும். கல்யாணப் பலகாரத்தை அந்த நேரத்தில் உள்ளே வாங்க மாட்டோம் என்கிற வீடுகள் உண்டு. அந்த இரண்டு நிமிடம் அங்கே ஒன்றரை மணி நேரமாகிவிடும். அதே வாடிக்கையாளர், அதே நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை நோக்கமாக இருப்பது திங்களன்று நிபந்தனையாகிறது. உங்கள் பட்டியலில் கிழமைக்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

படி 2: தூரமும் நேரமும்

ஒவ்வொரு இடத்திலிருந்தும் மற்ற எல்லா இடத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒரு கட்டம் வேண்டும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் அளக்கக் கூடாது. ரோட்டுத் தூரம்தான் வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச மென்பொருள் இந்தக் கட்டத்தை ஒரு நொடியில் நிரப்பித் தரும். ஐந்தாறு இடம் என்றால் டிரைவரைக் கேட்டே எழுதிவிடலாம். ரயில்வே கேட் எங்கே எத்தனை மணிக்கு மூடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு சங்கதி இருக்கிறது. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் மறு தெருவில். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற லொக்கேஷன் பெரும்பாலும் முகப்பில்தான் நிற்கும். பலகாரமோ சமையல் நடக்கிற பின்கட்டுக்குப் போக வேண்டியது. கல்யாணத்தன்று முகப்புத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, விருந்தாளிகள் வண்டியும் நிறுத்தியிருப்பார்கள். டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி உள்ளே போக ஆரம்பித்தால் இறக்கும் நேரம் இரட்டிப்பாகும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே "எந்த வாசல்?" என்று கேட்டு, அந்த வாசலின் இடத்தைக் குறித்துவிடுங்கள். ரூட் போடுவதில் நீங்கள் மிச்சம் பிடிக்கிற நிமிடங்களைவிட இதில் மிச்சமாவது அதிகமாகவே இருக்கும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. தூரங்களைப் பாடத்துக்காக முழு எண்ணாக்கி வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும்போது நீங்கள் அளந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடை காரைக்குடியில். அங்கிருந்து பள்ளத்தூர் 10 கி.மீ., கானாடுகாத்தான் 15, குன்றக்குடி 10, பிள்ளையார்பட்டி 14, தேவகோட்டை 18. பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவே 5. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் 4. கானாடுகாத்தானிலிருந்து குறுக்கே மேற்கில் போனால் குன்றக்குடி 18, பிள்ளையார்பட்டி 20. பள்ளத்தூரிலிருந்து அந்த இரண்டு ஊருக்கும் காரைக்குடி வழியாகத்தான். தேவகோட்டை தெற்கே தனியாக இருக்கிறது. அங்கிருந்து மற்ற எந்த ஊருக்கும் காரைக்குடி வழியாகத்தான் வர வேண்டும்.

பிள்ளையார்பட்டியில் ஓர் அறுபதாம் கல்யாணம், 6.45க்குள் சேர வேண்டும். கானாடுகாத்தானில் கல்யாண வீடு, 7.00. பள்ளத்தூர் 7.30. தேவகோட்டை 7.30. குன்றக்குடி 8.00. வண்டிகள் 5.30க்குத்தான் கிளம்ப முடியும், அதற்கு முன் அடுப்பிலிருந்து கடைசி ஈடு இறங்காது. ஒரு கி.மீ.க்கு 2 நிமிடம், ஒவ்வொரு வாசலிலும் இறக்க 15 நிமிடம். சொந்த வண்டி இரண்டு. மூன்றாவது வேண்டுமானால் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

படி 3: கணினிக்கு முன்னால் கையால் ஒருமுறை

ஐந்து இடத்தை ஒரே வண்டியில் சுற்ற 120 வரிசைகள் உண்டு. பத்து இடமானால் 36,28,800. பதினைந்தானால் 1.3 லட்சம் கோடியைத் தாண்டும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க முடியாது என்பதால்தான் குறுக்கு வழிகள் வந்தன. அதில் பழையதும் கைக்கு அடக்கமானதும் 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் சொன்ன மிச்சக் கணக்கு. இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்புவதற்கும், ஒன்றாகச் சேர்த்துப் போய்வருவதற்கும் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

பள்ளத்தூர் தனியாக 20 கி.மீ., கானாடுகாத்தான் தனியாக 30, ஆக 50. சேர்த்துப் போனால் 30. மிச்சம் 20. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ஜோடிக்கும் மிச்சம் 20. கானாடுகாத்தானையும் பிள்ளையார்பட்டியையும் சேர்த்தால் 58க்குப் பதில் 49, மிச்சம் 9. தேவகோட்டையை எதோடு சேர்த்தாலும் மிச்சம் பூஜ்யம், எப்படியும் கடை வழியாகத்தானே வருகிறோம்! இந்த நாலு வரியிலேயே ஊரின் அமைப்பு தெரிந்துவிடுகிறது: வடக்கே ஒரு கொத்து, மேற்கே ஒரு கொத்து, தெற்கே ஒற்றையாய் தேவகோட்டை. இது மனதில் ஏறாமல் கணினி கொடுக்கும் விடையைப் பார்த்தால் சரியா தப்பா என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது.

படி 4: திட்டங்களை வரிசையாக எழுதுங்கள்

அ. ஒரே வண்டி: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கடைசியில் தேவகோட்டை. 85 கி.மீ. மொத்தத் தாமதம் 85 நிமிடம்.

ஆ. இரண்டு வண்டி: முதல் நாலு ஊரும் அதே வரிசையில் ஒன்றுக்கு, தேவகோட்டை மட்டும் இன்னொன்றுக்கு. இதுவும் 85 கி.மீ.தான். தாமதம் 11 நிமிடம்.

இ. இரண்டு வண்டி: பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஒன்றுக்கு; பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டை இன்னொன்றுக்கு. 94 கி.மீ. தேவகோட்டைக்கு 7.32க்குப் போகும், 2 நிமிடத் தாமதம்.

ஈ. இரண்டு வண்டி: பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஒன்றுக்கு, தேவகோட்டை, குன்றக்குடி இன்னொன்றுக்கு. 105 கி.மீ. தாமதமே இல்லை.

உ. மூன்று வண்டி: வடக்கு, மேற்கு, தெற்கு என்று ஆளுக்கொரு பக்கம். 94 கி.மீ. தாமதம் இல்லை.

ஈ திட்டத்தைப் பார்த்தால் முதலில் யாருக்கும் சிரிப்பு வரும். நாலு கி.மீ. தள்ளி இருக்கிற குன்றக்குடியை விட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்கு மட்டும் போய்விட்டு, அந்தக் குன்றக்குடிக்குத் தேவகோட்டை வண்டியை அனுப்புவதா? ஆனால் பிள்ளையார்பட்டி அவசரம், குன்றக்குடி அவசரமில்லை. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது கடிகாரத்திலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை. பழக்கப்பட்ட டிரைவர்கள்கூடச் சட்டென்று யோசிக்காத திட்டம் இது. கணினி வைத்துப் பார்ப்பதில் லாபம் இந்த மாதிரி இடத்தில்தான்.

படி 5: தோற்றதை ஓரம் கட்டுங்கள்

இன்னொரு திட்டமும் போடலாம்: வடக்கு வண்டி பள்ளத்தூர், கானாடுகாத்தான் முடித்துத் தேவகோட்டைக்கும் போகட்டும், மேற்கு வண்டி தன் இரண்டு ஊரோடு நிற்கட்டும். 94 கி.மீ., தாமதம் 6 நிமிடம். இ திட்டத்தோடு ஒப்பிடுங்கள். அதே இரண்டு வண்டி, அதே 94 கி.மீ., அங்கே தாமதம் 2. ஆக இது எந்த விதத்திலும் இ-யை வெல்லவில்லை, ஒன்றில் தோற்கவும் செய்கிறது. இப்படிப்பட்டதைப் பட்டியலிலிருந்து தள்ளி வைக்கலாம்.

மிச்சமுள்ள அ முதல் உ வரை எதையும் அப்படித் தள்ள முடியாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றில் மற்றதை வெல்கிறது. இத்தாலியப் பொருளியல் அறிஞர் வில்பிரெடோ பரேட்டோவின் பெயரால் இவற்றைப் பரேட்டோ திட்டங்கள் என்பார்கள். முதலாளி பார்க்க வேண்டியது இந்த ஐந்தை மட்டும்தான்.

படி 6: எடை கேட்காதீர்கள், வரம்பு கேளுங்கள்

பாடப்புத்தகங்கள் முதலில் சொல்லித்தருவது எடை போடுகிற முறை. தூரத்துக்கு இவ்வளவு, தாமதத்துக்கு இவ்வளவு என்று எண் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகையைத் தேடுவது. எழுதுவது சுலபம். சிக்கல் அந்த எண்ணை யார் கொடுப்பது என்பதில் இருக்கிறது. "ஒரு நிமிடத் தாமதம் உங்களுக்கு எத்தனை ரூபாய்?" என்று எந்த முதலாளியிடமாவது கேட்டுப் பாருங்கள். "என்ன தம்பி பேசுற, லேட்டே ஆகக் கூடாது" என்பதுதான் பதிலாக வரும்.

அதே கேள்வியைத் திட்டங்களைக் காட்டிக் கேளுங்கள். கி.மீ.க்கு 10 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஆ-விலிருந்து இ-க்குப் போனால் 9 கி.மீ. கூடுகிறது, 90 ரூபாய். தாமதம் 9 நிமிடம் குறைகிறது. நிமிடத்துக்கு 10 ரூபாய் ஆகிறது. இ-யிலிருந்து ஈ-க்கு 11 கி.மீ. கூடுதல், 110 ரூபாய்; குறைவது 2 நிமிடம். நிமிடத்துக்கு 55 ரூபாய். இப்போது "110 ரூபாய் கூடப் போட்டால் தேவகோட்டைக்கு இரண்டு நிமிடம் தப்பாமல் போகலாம், போடட்டுமா?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வந்துவிடும். இன்று திங்கட்கிழமையா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தப் பதிலும் மாறும்.

எடை முறைக்கு இன்னொரு ஓட்டை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. இ திட்டம் இல்லை, அதற்குப் பதில் 99 கி.மீ., 5 நிமிடத் தாமதத்தில் ஒரு திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆ-வைவிட நேரத்தில் நல்லது, ஈ-யைவிட டீசலில் நல்லது. நடுவாந்தரமான, நியாயமான திட்டம். ஆனால் நீங்கள் எந்த எடையைக் கொடுத்தாலும் கணினி அதைத் தேர்ந்தெடுக்காது. அது ஆ-வை வெல்ல ஒரு நிமிடத்தின் மதிப்பு 2.33 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஈ-யை வெல்ல 1.2 கி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது. எடைகளை மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டினாலும் ஆ, ஈ என்று இரண்டு கோடியில் உள்ளதுதான் வந்துகொண்டிருக்கும். நடுவில் ஒன்றுமே இல்லை என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

வரம்பு முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் குறைக்கச் சொல்லி, மற்றதற்கு "இதற்கு மேல் கூடாது" என்று கோடு கிழிக்கிறோம். இரண்டே வண்டி என்று முடிவாகிவிட்டது, இனி தூரம்தான் குறைய வேண்டும் என்று வைப்போம். எந்த வீட்டுக்கும் தாமதமே கூடாது என்றால் 105 கி.மீ. (ஈ). வீட்டுக்கு 5 நிமிடம் வரை போகலாம் என்றால் 94 (இ). பத்து நிமிடம் என்றால் 85 (ஆ). பதினைந்து என்றாலும் அதே 85தான், மேற்கொண்டு விட்டுக்கொடுத்துப் பிரயோஜனமில்லை. ஒரே கேள்வியை நாலு வரம்பில் கேட்டு மொத்தப் படத்தையும் வாங்கியாயிற்று. வரம்பு என்பது ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. "கானாடுகாத்தானுக்கு ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது, மாப்பிள்ளை வீட்டுக்காரக பந்தியில உட்கார்ந்திருப்பாக. குன்றக்குடிக்குக் கால் மணி முன்னப் பின்ன ஆனாத் தப்பில்ல" என்று கடை ஆச்சி சொல்கிறாரே, அதை அப்படியே எண்ணாக எழுதிக்கொடுக்கலாம்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு, முன்னுரிமை வரிசை. முதலில் வண்டி எண்ணிக்கையைக் குறை, அது சமமானால் தூரத்தைப் பார், என்று ஒன்றன் பின் ஒன்றாக. மரியஸ் சாலமன் 1987இல் வெளியிட்ட, இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் போட்டிபோடுகிற சோதனைக் கணக்குகளில் விடைகளை இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். ஆராய்ச்சிக்கு அது சரி. நேரத்தை நிபந்தனையாகக் கட்டாமல் இதைக் கடைக்கு அப்படியே எடுத்து வந்தால், "வண்டி முதலில்" என்ற ஒரே காரணத்துக்காக அ திட்டம் ஜெயித்துவிடும். தேவகோட்டைக்காரர்கள் 74 நிமிடம் காத்திருப்பார்கள், பக்கத்திலேயே சும்மா நிற்கிற இரண்டாவது வண்டியை அனுப்பினாலும் மொத்தத்தில் ஒரு கி.மீ.கூட அதிகமாகாது என்றிருந்தும்!

அந்த 74ஐயும் கவனியுங்கள். அ திட்டத்தின் 85 நிமிடம் என்பது கானாடுகாத்தான் 8, பள்ளத்தூர் 3, தேவகோட்டை 74. கூட்டித் தொகையாகக் காட்டும்போது ஒரே வீட்டின் தலையில் விழுந்த சுமை மறைந்துவிடுகிறது. கூட்டுத்தொகையோடு அதிகபட்சத் தாமதத்தையும் எப்போதும் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 7: டிரைவர்களுக்குள் சமம்

ஆ திட்டத்தில் ஒருவர் 6.57க்குத் திரும்பிவிடுகிறார், மற்றவர் 8.08க்கு. இ-யில் 7.00, 8.23. ஈ-யில் 7.53, 7.52, ஒரு நிமிட வித்தியாசம். பேட்டா ஒன்றுதான் என்றால் எந்தத் திட்டத்தில் முணுமுணுப்பு இருக்காது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கணினியிடம் "வித்தியாசத்தைக் குறை" என்று சொல்லாதீர்கள். சீக்கிரம் முடிப்பவரை வேண்டுமென்றே சுற்றுவழியில் அனுப்பி இருவரையும் சமமாக்கிவிடும், கணக்குப்படி அதுவும் சரிதான். "கடைசியாகத் திரும்புகிறவரின் நேரத்தைக் குறை" என்று கேளுங்கள். சமத்தை ஒரே நாளில் தேடவும் வேண்டாம். வாரக் கணக்கு வைத்து, இன்று நெடுந்தூரம் போனவருக்கு நாளைக்குக் குறுந்தூரம் கொடுத்தால் தீர்ந்தது.

படி 8: கொசுறு நேரம்

ஈ திட்டத்தில் வண்டி கானாடுகாத்தானை 6.53க்குத் தொடுகிறது. கையில் மிஞ்சுகிற கொசுறு 7 நிமிடம். ஒரு ரயில்வே கேட் மூடினால் போயிற்று. தாளில் பூஜ்யத் தாமதம் என்று எழுதியிருப்பதை நம்பி ஆச்சியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊ என்று ஒரு திட்டம்: ஒரு வண்டி பள்ளத்தூர், கானாடுகாத்தான் போய்க் குறுக்கு வழியில் குன்றக்குடி, இன்னொன்று பிள்ளையார்பட்டி, அங்கிருந்து தேவகோட்டை. 107 கி.மீ., தாமதம் இல்லை. ஈ-யைவிட 2 கி.மீ. கூட என்பதால் படி 5இல் இதைத் தள்ளியிருப்போம். ஆனால் இதில் கானாடுகாத்தானுக்கு 6.15க்கே போய்விடுகிறோம். இறுக்கமான இடம் தேவகோட்டை, 7.17க்குப் போகும், அங்கேயும் 13 நிமிடம் கையில் இருக்கிறது. 20 ரூபாய் டீசலுக்கு இந்த நிம்மதி கிடைக்கிறதென்றால் பலர் வாங்கிக்கொள்வார்கள். திங்கட்கிழமையில் மட்டும் யோசிக்க வேண்டும்: அந்த 13 நிமிடம் தவறினால் தேவகோட்டையில் ராகு காலம் பிறந்துவிடும், ஈ-யிலோ அங்கே 6.06க்கே போய்விடுகிறோம். தோற்ற திட்டங்களை அழித்துவிடாமல் ஓரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தால், தோற்றது எழுந்து வந்துவிடும்.

படி 9: இனி கணினி

இருபது, முப்பது வாசல் என்று ஆனபின் கையால் முடியாது. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் இலவசம், பைத்தான் நிரல்மொழியில் எழுதலாம், புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதற்கு முழு எண்கள்தான் பிடிக்கும், 4.6 கி.மீ. என்று கொடுக்காமல் 4600 மீட்டர் என்று கொடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நிலையான ஒரு செலவு வைத்தால் தேவையில்லாமல் வாடகை வண்டியை எடுக்காது. மீறக் கூடாத நேரத்தை நேர வரம்பாகவும், மீறினால் பரவாயில்லை என்பதை நிமிடத்துக்கு இவ்வளவு அபராதம் என்றும் தனித்தனியாகக் கொடுக்கலாம். கடைசி வண்டி திரும்பும் நேரத்தைக் குறைக்கவும் அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. தேடுவதற்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நேரம் குறித்துவிடுங்கள். அது கொடுப்பது நல்ல விடையாக இருக்கும், மிகச் சிறந்தது என்று உத்தரவாதம் கிடையாது.

நேர வரம்பை 0, 5, 10, 15 நிமிடம் தள்ளித் தள்ளி நாலு முறை ஓட்டுங்கள். அதுதான் படி 6. முதல் முறை ஓட்டுகிறபோது மேலே உள்ள ஐந்து ஊர்க் கணக்கையே இரண்டு வண்டியோடு கொடுத்து 105, 94, 85, 85 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தப்பு உங்கள் கட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் இறக்கும் 15 நிமிடத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு தூரத்தைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள்.

நிரல் எழுத வராதவர்கள் வ்ரூம் என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம், ஓஎஸ்ஆர்எம்மோடு நன்றாக ஒட்டும். இணையத்தில் தேடினால் என்எஸ்ஜிஏ-2 என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேபும் அவருடைய சகாக்களும் உருவாக்கி 2002இல் வெளியிட்ட முறை. நூறு திட்டங்களை ஒன்றாக வளர்த்து, தோற்றதைக் கழித்து, பரேட்டோ திட்டங்களை ஒரே ஓட்டத்தில் தரும். அருமையான வேலைதான். ஆனால் நாற்பது வாசலுக்கும் மூன்று வண்டிக்கும் அது தேவைப்படாது. புராஜெக்டில் போட்டால் மதிப்பெண் கிடைக்கும், அது வேறு கதை.

படி 10: டிரைவர் கையில் போகிற சீட்டு

முதலாளிக்கு ஒரே பக்கத்தில் நாலைந்து வரி போதும்: வண்டி, கி.மீ., மொத்தத் தாமதம், அதிகபட்சத் தாமதம், கடைசியாகத் திரும்பும் நேரம், கொசுறு நேரம். அதற்குமேல் கொடுத்தால் படிக்க மாட்டார். எண்களுக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரை எழுதுங்கள். "தாமதம் 2" என்பதைவிட "தேவகோட்டை 2 நிமிடம்" என்றால் உடனே யார் வீடு என்று அவருக்குப் புரியும்.

டிரைவருக்கு இதெல்லாம் வேண்டாம். ஊர் வரிசை, எந்த வாசல், எத்தனை டின், எத்தனை மணிக்குள், யாருக்குப் போன் பண்ண வேண்டும். அடியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: வழியில் நேரம் போய்விட்டால் எந்த ஊரைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று. ஈ திட்டத்தில் தேவகோட்டை வண்டியின் சீட்டில் "குன்றக்குடி 8.15 வரை தாங்கும்" என்று எழுதலாம். பிள்ளையார்பட்டி வண்டியின் சீட்டில் "கேட் மூடியிருந்தால் உடனே கடைக்குப் போன்" என்றுதான் எழுத முடியும். அதில் தள்ளிப்போட ஊர் எதுவும் இல்லை.